2024–25 ஆண்டறிக்கை: காந்தப்புயல் அளவீடும் கணக்கீடும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

சூரியனிலிருந்து வரும் துகள் ஓட்டமான சூரியக்காற்று தாக்கி பூமியின் காந்தப்புலம் கலங்குவதே காந்தப்புயல். மே 10–11 புயலில், நடுக்கோட்டுப் பக்கம் புலம் எவ்வளவு குறைந்தது என்று காட்டும் டிஎஸ்டி குறியீடு மைனஸ் 400 நானோடெஸ்லாவுக்கும் (காந்தப்புல அலகு) கீழே போனது. அக்டோபர் 10–11இல் மைனஸ் 300க்கும் கீழே. படகுக்காரர்கள் கேட்பது திசைகாட்டியைப் பற்றி. நம் பாக் நீரிணைக் கரையில் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. அதில் 400 என்பது நூற்றில் ஒரு பங்கு. குறைவதும் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே என்பதால் ஊசி கண்ணுக்குத் தெரியும்படி திரும்பாது. கவனிக்க வேண்டியது ஜிபிஎஸ். பொழுது சாய்ந்தபின் அயனிமண்டலத்தில் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலம்) பிளாஸ்மா குமிழ்கள், அதாவது அத்துகள்கள் குறைந்த பகுதிகள், எழுந்தால் சிக்னல் அறுபடும். இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கையில் அது சின்ன விஷயமில்லை.

காந்தமானி (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) அமைப்போர் கவனத்துக்கு: ஆர்எம்3100 என்ற காந்த உணரியில் எண் ஒன்று கூடும் ஒரு படி, வழக்கமான அமைப்பில், சுமார் 13 நானோடெஸ்லா. பல மாதிரிகளை எடுத்து நிமிடச் சராசரி ஆக்கினால் அதைவிட நுணுக்கமாகத் தெரியும். வெயிலுக்கேற்ப அளவு நகர்வதால் பிவிசி குழாயில் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். அடிமூடியைச் சரியாக ஒட்டாவிட்டால் உப்புத்தண்ணீர் ஏறி முனைகளில் பச்சை பிடிக்கும். திருகுகள் பித்தளை அல்லது நைலான். சாலை, தண்டவாளம், மோட்டார் பம்பு அருகே வேண்டாம்.

காந்த நடுக்கோடு (காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) நமக்கு அருகில் என்பதால், பகலில் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடும் மின்தாரை (காற்றில் பாயும் மின்னோட்டம்) புலத்தின் கிடைமட்டக் கூறைத் தூக்கிவிடும். புயலின் ஆழம் தப்பாகத் தெரியும். மாதத்தின் ஐந்து அமைதி நாட்களின் சராசரியைக் கழித்து, இரவுத் தரவிலிருந்து தொடங்குவதே சரி. செங்குத்துக் கூறை நம்ப வேண்டாம். பாக் நீரிணை வழியே குவியும் தூண்டு மின்னோட்டம் அதைத் திரித்துவிடுகிறது.

புயல் கேயாஸா (விதிப்படி நடந்தும் நெடுநாள் முன்கணிக்க முடியாத இயக்கமா) என்ற விவாதம் ஆண்டு முழுவதும் நடந்தது. 1990இல் வாசிலியாடிஸ் குழு, துருவப் பக்க மின்னோட்டங்களைக் காட்டும் ஏஇ குறியீட்டில் சுமார் 3.6 பரிமாணமுள்ள ஈர்ப்பானை (இயக்கம் சுற்றிவரும் வடிவம்; பின்னப் பரிமாணம் கேயாஸின் அடையாளம்) கண்டதாகச் சொன்னது. 1992இல் பிரிச்சார்டும் பிரைஸும் அத்தகைய பரிமாணங்கள் போலியாகவும் வரலாம் என்று காட்டினர்: முன்பின் தொடர்பு நீண்ட வெறும் இரைச்சலும் அதே விடையைத் தரும். ஆகவே நேரத்தில் ஒட்டியிருக்கும் புள்ளி இணைகளை முதலில் விலக்குங்கள். பிறகு அதே நிறமாலையோடு (எந்த அலைவு எவ்வளவு என்ற பங்கீடு) அலைகளின் கட்டங்களை மட்டும் குலைத்த போலித் தொடர்கள் 39 செய்து ஒப்பிடுங்கள். நம் விடை அவற்றுக்கு வெளியே விழாவிட்டால் கேயாஸ் என்று எழுதக் கூடாது.

இன்னொன்று, புயல் தானாக ஆடுவதில்லை, சூரியக்காற்று தள்ளுகிறது. சூரியக்காற்றிலிருந்து டிஎஸ்டியைக் கணக்கிடும் பர்ட்டன் குழுவின் 1975ஆம் ஆண்டுச் சமன்பாடு, சுமார் 7.7 மணி நேரத் தேய்வுக்காலத்தோடு (புயல் தணியும் வேகத்தின் அளவு), பெரிய வடிவத்தைத் தந்துவிடுகிறது. அதைக் கழித்த மிச்சத்தில்தான் லியாபுனோவ் அடுக்கெண்ணை (சிறு வேறுபாடு எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்ற அளவு) தேட வேண்டும். பாலாசிஸ் குழு டிஎஸ்டி தரவில் கண்ட, புயல் நெருங்கும்போது சாலிஸ் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் ஓர் அளவு) குறைகிற போக்கு எனக்கு இதைவிட நம்பிக்கை தருகிறது. குறைந்த தரவிலும் அதைக் கணக்கிட முடியும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்கள்: தொண்டிப் பக்கம் இரண்டாவது உணரி, இஸ்ரோ வெளியிட்டுள்ள ஆதித்யா-எல்1 சூரிய ஆய்வு விண்கலத்தின் காந்தமானித் தரவை நம் இரவுப் பதிவோடு ஒப்பிடுதல். ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்