தேயிலைக் கோழி கசப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த தேயிலைக் கோழி வறுவல் குறிப்பைப் படித்தேன். டீத்தூளைக் கறிக்கும் போடலாம் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதில் இருக்கிறபடி செய்தால் கோழி கசக்கும். எங்கள் தெருவில் ஆசையாகச் செய்து பார்த்த வீட்டில் யாராலும் சாப்பிட முடியவில்லை. சிம்மக்கல் பக்கம் மெஸ் நடத்துகிறவள் என்பதால் காரணத்தைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

நான்கு கரண்டி தேயிலையைப் பத்து நிமிடம் கொதிக்கவிடச் சொல்லியிருக்கிறீர்கள். முழு இலைத் தேயிலை பழகிய யாரோ எழுதிய அளவு போலிருக்கிறது. நம் ஊர் மளிகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் டஸ்ட் டீத்தூள். பொடியாக இருப்பதால் சாறு சட்டென்று இறங்கிவிடும். அதைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் துவர்ப்பும் கசப்பும்தான் மிஞ்சும். அப்புறம் எந்த மசாலா போட்டாலும் மறையாது.

அரைக் கிலோ கோழிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் போதும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தலைதட்டி இரண்டு தேக்கரண்டி டீத்தூள் போட்டு மூடுங்கள். மூன்றாவது நிமிடம் வடிகட்டிவிட வேண்டும். சூட்டோடு உப்பு, தட்டிய பூண்டு, ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, ஒரு அன்னாசிப்பூ. டிகாஷன் நன்றாக ஆறிய பிறகே கறியைப் போட வேண்டும். நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறட்டும். மதுரை வெயிலுக்குப் பச்சைக் கறியை வெளியே வைக்கவே கூடாது. பிறகு கறியை எடுத்து ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு சுருள வறுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மிளகுக் காரம் அடங்கும்போது நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு துவர்ப்பு வரும். அறுசுவையில் நம் அசைவச் சமையல் அதிகம் தொடாத சுவை அது.

டீயில் ஊறினால் முற்றின ஆட்டுக்கறியும் பஞ்சாகிவிடும் என்று எழுதியதையும் திருத்த வேண்டும். பப்பாளிக்காயில் கறியின் புரதத்தை உடைக்கிற பொருள் இருக்கிறது. தேயிலையில் அது கிடையாது. நிறமும் சுவையும்தான் தரும். தயிரையும் டிகாஷனையும் ஒன்றாகச் சேர்ப்பதிலும் பலன் குறைவு. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறதே, அதேதான் இங்கேயும் நடக்கும்.

போன வாரம் ஒரு வாசகர், இதெல்லாம் சீனாக்காரர் சமையல், நமக்கு எதற்கு என்று எழுதியிருந்தார். பஞ்சாபில் கொண்டைக்கடலை வேகும்போது டீத்தூளைத் துணியில் முடிந்து போடுகிறார்கள்; கடலை நன்றாகக் கறுத்து வரும். பர்மாவில் புளிக்க வைத்த தேயிலையை வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள்ளோடு பிசைந்து சாப்பிடுவார்கள். 1960-களில் அங்கிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அந்த வாசகர் கேட்டுப் பார்க்கட்டும்.

கடலை, பருப்பு, கீரையில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டீ போட்ட கடலையைத் தவிர்ப்பது நல்லது. ரத்தசோகை உள்ள பெண்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். குறிப்போடு இதையும் ஒரு வரி போட்டிருக்க வேண்டும்.

அடுத்த இணைப்பில் அளவையும் நேரத்தையும் திருத்திப் போடுங்கள். எந்த வகைத் தேயிலை என்பதையும் தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் வாசகி,
சிம்மக்கல், மதுரை.