வைக்கோலைக் கொளுத்திவிட்டு மாரியில் மாட்டுக்கு என்ன போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரிகால நெற்செய்கையான பெரும்போகத்துக்கான ஆலோசனைகளை உங்கள் விவசாயப் பக்கத்தில் படித்தேன். எத்தனை மாத நெல்லை எப்போது விதைப்பது, களைநெல் கலக்காத விதையை எப்படிப் பார்த்து எடுப்பது, அடிக்கட்டுப் பசளை என எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் மாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் தம்பலகாமத்தில் வயல் செய்பவர்கள் பலருக்கு மாட்டுப் பட்டியும் இருக்கிறது. நெல்லுக்கு ஒரு நாள், மாட்டுக்கு இன்னொரு நாள் என்று பிரித்துச் சொல்வதால், இரண்டுக்கும் பொதுவான வைக்கோல் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் கோடையில் செய்த சிறுபோக நெல் வெட்டு இப்போது நடக்கிறது. வெட்டு மெஷின் போன வழியெல்லாம் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கிறது. வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து வைத்து அடித்த காலத்தில் அது களத்திலேயே ஒன்றாகச் சேர்ந்துவிடும், பக்கத்திலேயே போர் வைத்துவிடுவோம். இப்போது கூட்டி அள்ள ஆள் வேண்டும், ஏற்ற உழவு மெஷின் பெட்டி வேண்டும். கூலியைக் கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டு நாள் வெயில் பட்டதும் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பின்னேரத்தில் வீதியால் வரும்போது அந்தப் புகையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஏனென்றால் அடுத்து வரப்போவது பெரும்போகக் கூட்டம். தண்ணீர் திறக்கும் திகதியோடு மாடுகளை வயலை விட்டு அகற்றும் திகதியையும் அங்கே வைப்பார்கள். அதற்குப் பிறகு மாசி, பங்குனி வெட்டு முடியும்வரை பட்டிக்கு வயல் இல்லை. மேய்ச்சல்தரை வருடா வருடம் சுருங்குகிறது. மிஞ்சுவது காட்டோரமும் குளத்தோரமும்தான். மழை பிடித்தால் குளத்தோரமும் தண்ணீருக்குள் போய்விடும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளி வந்த நாட்களை மறக்க முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் குளிரில் செத்தன. எங்கள் மாட்டுப் பட்டியில் விடியப்புறம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இன்னும் கன்று போடாத ஒரு நாகு வேலிக்கட்டையில் சாய்ந்தபடி நின்றது. மயிரெல்லாம் உடம்போடு ஒட்டி, விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சாக்கால் துடைத்தேன், தவிட்டைச் சுடுநீரில் கரைத்து வாயருகே வைத்தேன். முகர்ந்து பார்த்தது, குடிக்கவில்லை. வெயில் வருமுன் விழுந்துவிட்டது. அந்த நாகையும் சேர்த்து மூன்று போயின. காற்றும் மழையும்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, ஆனால் அவை அதற்கு முன்பே பல நாள் அரை வயிற்றோடு நின்றவை. மாட்டின் வயிற்றில் வைக்கோல் செரிக்கும்போதுதான் உடம்பில் சூடு பிறக்கிறது. வயிறு காலியாக நனைந்து நிற்கும் மாடு குளிர்காற்றை எப்படித் தாங்கும்? அன்று என்னிடம் ஒரு போர் வைக்கோல்கூட இல்லை. அந்த ஆவணியில் நானும் கொளுத்தியிருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சிறுபோகத்திலும் வைக்கோலை ஏற்றி, மேட்டில் மரம் அடுக்கி அதன் மேல் போர் வைத்து, தறப்பாள் போட்டு மூடுகிறேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்ற கணக்கில் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் மாடு விரும்பித் தின்கிறது, உடம்பும் தேறுகிறது. தீனி போடுமுன் சற்று நேரம் காற்றாட விரித்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. யூரியா கரைத்த தண்ணீரை மாடு குடித்தால் உயிர் போய்விடும், வாளியைத் திறந்து வைக்காதீர்கள். முதல்முறை செய்பவர்கள் மிருக வைத்தியரிடம் கேட்டுச் செய்வது நல்லது. போகும்போதே தொண்டை அடைப்பான் என்ற மாட்டு நோய்க்கான தடுப்பூசியையும் மழைக்கு முன் போடச் சொல்லுங்கள்.

மாடு இல்லாதவர்களும் கொளுத்த வேண்டியதில்லை. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. பரப்பிவிட்டு ஈரத்தோடு மடித்து உழுதால் அது மண்ணுக்கே திரும்பும். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது சாணிக்கும் குப்பைக்கும் அலைந்தோமே, அதற்குள் மறந்துவிட்டோமா?

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். பெரும்போக ஆலோசனையை வெட்டு நடக்கும்போது போடாமல் ஆவணி பிறக்கும்போதே போடுங்கள், மாட்டையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

கமநல சேவை நிலையத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன். கூட்டத்தில் மாடு அகற்றும் திகதி வைப்பதுபோல, வெட்டு முடிந்து பத்து நாளைக்கு யாரும் நெருப்பு வைப்பதில்லை என்றும் ஒரு முடிவு எடுங்கள். வைக்கோல் வேண்டாதவர் வயலில் பட்டிக்காரர் வந்து தம் செலவில் ஏற்றிக்கொள்ளட்டும். இந்தப் போகத்தில் என் பக்கத்து வயல்காரர் அப்படித்தான் விட்டார். மூன்று பெட்டி ஏற்றினேன், பதிலுக்கு அவர் வயலுக்கு எரு பறித்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகன்