டெய்லர் பாய்க்கும் எங்கள் தெருவுக்கும்

மதுரையில் பாப்பாவின் கண்ணைக் காட்டிவிட்டு இன்று மதியம்தான் திரும்பினோம். திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பாப்பா, எதிரே வந்த லாரிகளின் நெற்றியில் தனக்குத் தெரிந்த எழுத்தாகத் தேடிக் கத்திக்கொண்டே வந்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துப் பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவருக்கும் நன்றி.

என்ன நடந்தது என்று இந்தத் தெருவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு அழுகைச் சத்தம் கேட்காத வீடு இங்கே கிடையாது. அதனால் முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் இடது கண் பார்வை இன்று 6/9. போன ஆடியில் இதே கண் 6/24. அதாவது, மற்றவர்கள் 24 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற எழுத்துக்கு இவள் 6 மீட்டர் கிட்டத்தில் நிற்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பலகையில் சின்ன இங்கிலீஷ் ‘E’ எழுத்துகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பரிசோதித்த பெண் “கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் வந்துட்டா” என்றார். எனக்கு அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. வெளியே வந்து வீட்டுக்காரரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பாய், இந்த மடல் முக்கியமாக உங்களுக்குத்தான்.

கார்த்திகை மாதம் கண்ணை மூடுகிற ஒட்டு போடத் தொடங்கிய முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி மட்டும் போட்டு நாலு மாதம் பார்த்தார்கள். 6/18 வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம்தான் ஒட்டு. நன்றாகத் தெரிகிற வலது கண்ணை தினமும் இரண்டு மணி நேரம் மூட வேண்டும். “நல்ல கண்ணை எதுக்கும்மா மூடுற?” என்று தெருவே கேட்டது. நல்ல கண்ணுக்குக் கண்ணாடி பவர் பிளஸ் ஒன்றரை, மற்றதற்கு பிளஸ் ஐந்து. மங்கலாக வருகிற படத்தை மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, தெளிவான கண்ணை மட்டும் வைத்துக் காலத்தை ஓட்டுகிறது. நல்ல கண்ணை மூடினால்தான் மற்றது வேலைக்கு வரும். இதை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இதற்கு ‘சோம்பேறிக் கண்’ என்று பெயர் வைத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அந்தக் கண் சோம்பேறி இல்லை, அதற்கு யாரும் வேலையே கொடுக்கவில்லை. பாப்பா அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, “நான் சோம்பேறியாம்மா?” என்று ஒரு ராத்திரி முழுக்க அழுதாள்.

அந்த வாரம் ஒட்டைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். பிய்க்கும்போது புருவ முடியும் கூடவே வரும். துணி மூடி வாங்கிக் கண்ணாடியில் மாட்டினேன்; அதன் ஓரமாக எட்டிப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் நான் கையை ஓங்கிவிட்டேன். ஓடிப்போய் உங்கள் கட்டிங் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். வேறு யாராக இருந்தாலும் முதல் கேள்வி “கண்ணுல என்ன?” என்பதாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் கேட்கவே இல்லை. “பாப்பா, நல்ல வேளை வந்த. பாய்க்குக் கண்ணாடி போட்டும் சரியாத் தெரியல. இதுல நூலைக் கோத்துக் குடு” என்று ஒரு கோணி ஊசியை நீட்டினீர்கள். குத்திவிடக் கூடாதென்று அதன் முனையைத் துணி உருண்டைக்குள் புதைத்து, காது மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தீர்கள்.

அன்றைக்கு அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நூல் நுனியை நாக்கில் நனைத்து, முறுக்கி, ஊசிக்கு இரண்டு விரற்கடை தள்ளியே குத்திக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டு முகத்தில் இருந்தது. அவள் கை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

அப்புறம் தினமும் ஐந்து மணிக்கு “பாய் தாத்தாவுக்குக் கண்ணு தெரியாது, நான் போகணும்” என்று அவளே முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒட்டுக்கு நிற்பாள். தை மாதம் கோணி ஊசி போய்க் கொஞ்சம் சின்னது வந்தது. பங்குனியில் ஹெம்மிங் ஊசி. “ஊசிக்கு ஏன் காது இருக்கு, கண்ணு இல்ல?” என்று அவள் கேட்டதற்கு, “அதான் உன்னையக் கூப்பிட்டேன்” என்றீர்களாம். வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் ஒரு நாள் காலை ஜாக்கெட் வாங்க வந்தேன். நீங்கள் என்னைக் கவனிக்கவில்லை. மெஷின் ஊசியில் நூல் அறுந்தது. பேசிக்கொண்டே ஒரே குத்தில் கோர்த்துவிட்டு மிதிக்கத் தொடங்கினீர்கள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்ததும், “ஜாக்கெட் நாளைக்குத்தாம்மா” என்றீர்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

ஊசி கோர்த்ததால்தான் கண் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கிட்டத்தில் பார்க்கிற வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒட்டு இரண்டு மணி நேரம் முகத்தில் இருப்பதுதான் மருந்து. பெற்றவளால் முடியாததை, அந்த ஒட்டை அங்கே இருக்க வைப்பதை, நீங்கள் ஏழு மாதம் செய்தீர்கள்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அங்கன்வாடிக்கு வந்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக் கண்டுபிடித்த குழுவுக்கு, டீச்சருக்கு, தன் கண்ணிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு விளையாட வந்த எதிர்வீட்டுப் பையனுக்கு, லீவு கொடுத்த முதலாளிக்கு, வாரம் தவறாமல் பொன்னாங்கண்ணிக் கீரை கொடுத்த மேலத்தெரு அத்தைக்கு. அத்தை, இந்தக் கோளாறு கீரையால் தீராது, ஆனால் கூட்டு நன்றாக இருந்தது.

என் மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. கண் நேராகத்தானே இருக்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, கண்ணாடி போடுவதற்கு முன்னால் நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டேன். ஏழு வயதுக்குள் ஆரம்பித்தால் நன்றாகப் பலன் கிடைக்கும் என்கிறார்கள். அதற்கு மேல் போகப் போகக் கஷ்டம். இனி இந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கு மூன்று வயது முடிந்தாலும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று வாசலில் வந்து நிற்பேன். பஸ்ஸுக்குத் துணை வேண்டுமென்றால் நானே வருகிறேன். தொல்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பாய், இன்னும் ஒரு விஷயம். ஒட்டை ஒரேயடியாக நிறுத்தினால் சில பிள்ளைகளுக்குப் பார்வை மறுபடி இறங்கிவிடுமாம். அதனால் இன்னும் மூன்று மாதத்துக்கு தினம் ஒரு மணி நேரம் போடச் சொல்லியிருக்கிறார்கள். பாப்பா இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், இவ்வளவு நீளமெல்லாம் அவளுக்கு வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நாளைக்கு ஐந்து மணிக்கு வருவாள். அந்த மூன்று மாதம் முடிகிற வரைக்கும் உங்களுக்குக் கண் தெரிய வேண்டாம்.