பெருக்கி ஒன்றைக் கூட்டினால் பகா எண்ணா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' நூல் பற்றிய கட்டுரை படித்தேன். கி.மு. 300-ஐ ஒட்டி எழுதப்பட்டு, 1482-இல் வெனிஸில் அச்சேறிய அந்த நூலுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ஒரு வரியைத் திருத்தியே ஆகவேண்டும். 'முதல் சில பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் புதிய பகா எண் கிடைக்கும் என்று யூக்ளிட் நிரூபித்தார்' என வந்திருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. எத்தனை பகா எண்களைப் பட்டியலிட்டாலும் அதற்கு வெளியே இன்னொரு பகா எண் உண்டு என்பதைத்தான் நிரூபித்தார்.

இந்தப் பிழை பரவக் காரணம் உண்டு. 2-இல் தொடங்கி 11 வரையிலான பகா எண்களை ஒவ்வொன்றாகப் பெருக்கலில் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டினால் 3, 7, 31, 211, 2311 என்று வரும். ஐந்துமே பகா எண்கள்தான். அத்தோடு சோதனையை நிறுத்திவிடுகிறோம். 13-ஐயும் சேர்த்தால் 30031 வரும். அது 59 × 509.

ஒன்பதாம் புத்தகத்தின் 20-ஆவது தேற்றத்தில் யூக்ளிட் எண்களைக் கோடுகளாகவே பார்க்கிறார். 'வகுக்கும்' என்ற இடத்தில் 'அளக்கும்' என்கிறார். மூன்று பகா எண்களை மூன்று அளவுகோல்களாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கோல்களும் மிச்சமின்றி அளக்கும் மிகச் சிறிய நீளத்தோடு ஓர் அலகை ஒட்டுங்கள். எந்தக் கோலை வைத்து அளந்தாலும் ஒட்டிய இடம் வரை சரியாக வரும். பிறகு அந்த ஓர் அலகுத் துண்டு மிஞ்சும். கோலோ அதைவிட நீளம். ஆக, புதிய நீளம் தானே பகா எண்ணாக இருக்கலாம், அல்லது நம்மிடம் இல்லாத வேறொரு பகா எண் அதை அளக்கலாம். எப்படியானாலும் பட்டியலுக்கு வெளியே ஒன்று உண்டு. மூன்றுக்குச் சொன்னது எத்தனைக்கும் பொருந்தும்.

பட்டியல் 2-இலிருந்து தொடங்க வேண்டும் என்றும் இல்லை. வகுப்பில் இதை விளக்குவோருக்கு 3, 5 இரண்டே போதும்: 15 + 1 = 16. அது பகா எண் அல்ல. ஆனால் பட்டியலில் இல்லாத 2 அதிலிருந்து கிடைத்துவிடுகிறது!

இதே கோல் கணக்குதான் ஏழாம் புத்தகத்தில் மீப்பெரு பொது வகுத்தி காணும் வழியாக வருகிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போக வேண்டும்: (48, 18), (30, 18), (12, 18), (12, 6), (6, 6). விடை 6. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் யூக்ளிடின் பெயராலேயே இதைப் படிக்கிறார்கள்.

கட்டுரையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், 30031-ஐயும் அதன் இரு காரணிகளையும் தவறாமல் சேர்த்து அச்சிடுங்கள்.

– கணித ஆசிரியை ஒருவர், மதுரை