கியர்பாக்ஸ் இறக்கும் ஜாக்கி வாடகைக்குக் கிடைக்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் என்னைப் போன்ற காய்கறி விவசாயிகள் பலரிடம் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை பழைய பிக்கப் வண்டிகள்தாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரியை விடிவதற்குள் நேதாஜி மார்க்கெட்டில் சேர்ப்பதும், செவ்வாய்க்கிழமையானால் பொய்கைச் சந்தைக்கு மாடு ஏற்றிப் போவதும் அவைதாம். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருப்பதால், பழுதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஆயில் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது போன்றவற்றை நாங்களே செய்துகொள்கிறோம். என்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குச் சேர்க்கும் கிளட்ச் தேய்ந்தால்தான் திண்டாட்டம்.

ஒடுகத்தூரைத் தாண்டி மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும்போது, என்ஜின் உறுமியும் வண்டி நகராமல் கருகல் வாடை அடித்தால், பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். பிளேட்டை வாங்கிவிடலாம், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் அதை எட்டுவதுதான் பாடு. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன், அது போல்ட்டால் இணையும் இரண்டு பிளேஞ்சுகளிலும் (வட்டத் தட்டுகளிலும்) உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளாவிட்டால், திரும்ப மாட்டும்போது பழைய இடத்தில் உட்காராமல் வண்டி ஓடும்போது அதிரும். பிறகு கியர்பாக்ஸை நேராகப் பின்னுக்கு இழுத்து இறக்க வேண்டும். அதன் எடை முழுவதையும், பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் அதன் முன் தண்டான இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். புதுப் பிளேட் போட்டும் கிளட்ச் உதறும். பிளேட்டை என்ஜினோடு சுழலும் பிளைவீல் சக்கரத்தின் நடு மையத்தில் நிறுத்தி, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கினால்தான் கியர்பாக்ஸ் மறுபடி உள்ளே போகும். போகவில்லையென்று போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கியர்பாக்ஸ் கூட்டில் போல்ட் மாட்டும் காதே உடைந்துவிடும். உள்ளே படிந்த கரித்தூளைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது, பழைய பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும்.

இவ்வளவையும் கிராமத்தில் பலர் அறிவர். குறை அறிவில் இல்லை, கருவியில்தான். கியர்பாக்ஸைத் தாங்கி இறக்கும் ஜாக்கியும், வண்டியைத் தூக்கி நிறுத்தப் போதிய வலுவுள்ள ஸ்டாண்டுகளும், இத்தனை நியூட்டன் மீட்டர் என்று அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும், பிளேட்டை மையப்படுத்தும் தண்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்படுபவை. அதற்காக ஒரு விவசாயி சொந்தமாக வாங்கி வைப்பது கட்டுப்படியாகாது. எனவே ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துகிறார்கள், கியர்பாக்ஸைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரித்துவிட்டு உடைவதில்லை. திடீரென நொறுங்கும், அடியில் ஆள் படுத்திருப்பார்.

வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலேயே பதிவும் செய்துகொள்ளலாம். அதே வாடகை மையங்களிலும், இயலுமிடங்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும், மேற்சொன்ன நான்கு கருவிகளை ஒரு தொகுப்பாக வைத்து முன்பணம் பெற்று நாள் வாடகைக்கு விடலாமே என்பதே என் வேண்டுகோள். பிரேக், ஸ்டீயரிங் வேலைகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அவை பிறர் உயிரையும் தொடுவதால் தேர்ந்த மெக்கானிக்கிடமே போக வேண்டும்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் அதன் வரம்பில் வருகின்றன. போல்ட் வாரியாக இறுக்க அளவையும், கழற்றி மாட்டும் வரிசையையும் தமிழில் தருமாறு வண்டி நிறுவனங்களை அத்துறை வலியுறுத்தினால், அந்தத் தாளை அச்சிட்டுக் கருவித் தொகுப்போடு சேர்த்தே கொடுத்துவிடலாம். மழைக்காலத்தில் சேற்றில் நின்று கியர்பாக்ஸ் இறக்குவது இன்னும் ஆபத்தானது என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒன்றியத்துக்கு ஒரு மையத்திலாவது சோதனை முறையில் இதைத் தொடங்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அணைக்கட்டு வட்டார விவசாயி ஒருவர்