ஒரே இரவில் உயர்ந்த கமிஷன்

பெறுநர்:
மேலாளர், விற்பனையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முன்னறிவிப்பு இல்லாமல் கமிஷன் உயர்த்தியது குறித்த புகார்

வணக்கம்.

ஏழு வருடமாக உங்கள் இணைய விற்பனைத் தளத்தில் கையால் தைத்த குறிப்பேடுகள் விற்கிறேன். போன திங்கட்கிழமை இரவு உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செவ்வாய் காலையில் கமிஷன் 9 சதவீதத்திலிருந்து 16 ஆகிவிட்டது. திங்கட்கிழமை பகலிலேயே வந்திருந்த 23 ஆர்டர்களுக்கும் புதிய கமிஷனைப் பிடித்திருக்கிறீர்கள்.

நான் சேர்ந்த முதல் வருடம் கமிஷனே கிடையாது. அன்று உங்களுக்கு விற்பவர்கள் தேவைப்பட்டார்கள்; சரக்கு இல்லாத சந்தைக்கு வாங்க யார் வருவார்? ஒரு பக்கத்தாரைக் குறைந்த விலையில் இழுத்து, மறுபக்கத்தாரிடம் வசூலிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். பொருளியலாளர்கள் ழான்-சார்ல் ரோஷேயும் ழான் திரோலும் 2003-இல் இருபக்கச் சந்தை, அதாவது விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் உங்களைப் போன்ற தளம், பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. சரி, சர்வருக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் மோசடித் தடுப்புக்கும் உங்களுக்குச் செலவு இருக்கிறது. கமிஷன் கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை.

உதவி மையத்தில் பேசியவர், "பிடிக்கவில்லையென்றால் விலகிக்கொள்ளலாம்" என்றார். அதுதான் என்னைச் சுட்டது. எதை எடுத்துக்கொண்டு விலகுவது? என் கடைப் பக்கத்தில் 1,140 மதிப்புரைகள் இருக்கின்றன. தையல் பிரிந்த குறிப்பேட்டைத் திரும்ப வாங்கி, புதிதாகத் தைத்து, என் செலவில் அனுப்பி வாங்கிய நல்ல பெயர் அது. வேறு தளத்துக்குப் போனால் அதில் ஒன்றுகூட என்னோடு வராது. நேற்று கடை திறந்தவரைப் போல முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் எளிதில் போக முடியாது என்று தெரிந்துதானே ஒரே இரவில் ஏற்றினீர்கள்?

அப்புறம் விளம்பரம். என் கடையின் பெயரைத் தட்டித் தேடினாலே முதலில் வருவது உங்கள் சொந்தத் தயாரிப்பு. என் பெயருக்கு நானே விளம்பரக் காசு கட்டினால்தான் மேலே தெரிகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒரு தளம் நிபந்தனைகளை மாற்றுவதாக இருந்தால் விற்பவர்களுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே சொல்ல வேண்டும். அந்த அவகாசத்தை எல்லா இடத்து விற்பவர்களுக்கும் நீங்களாகவே கொடுக்கலாம்.

அந்த 23 ஆர்டர்களில் கூடுதலாகப் பிடித்த தொகையைத் திருப்பித் தாருங்கள். என் மதிப்புரைகளைத் தேதியோடும் நட்சத்திர எண்ணிக்கையோடும் நான் பதிவிறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். தானியங்கி பதில் வேண்டாம். ஒரு பொறுப்பான அலுவலர் இதைப் படித்துப் பதில் எழுத வேண்டும். ஆர்டர் விவரங்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் விற்பனையாளர்