காப்பீட்டு அட்டை இருந்தும் கைப்பணம்: கிருஷ்ணகிரி ஆட்சியருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்,
சூளகிரி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கூடுதல் பணம் வாங்குவதைத் தடுக்கவும், மருத்துவ விதிகள் வகுப்பதில் நோயாளிகளின் கருத்தையும் கேட்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சென்ற ஆவணியில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அட்டையைக் காட்டியதும் சரி என்றார்கள். மறுநாள் காலை, "ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாய் அடைபடாமல் வைக்கும் சிறு வலைக்குழாய்) நல்லதா போடணும்னா தனியா 45,000 கட்டணும்" என்றார்கள். ஐ.சி.யூ. கதவுக்கு உள்ளே அவர் கிடக்கும்போது பேரம் பேசவா முடியும்? கறவை மாட்டை விற்று, தோட்டை அடகு வைத்துக் கட்டினேன். ரசீது கேட்டதற்கு, முத்திரைகூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்பதுதான் திட்டம். எந்தச் சிகிச்சைக்கு அரசு எவ்வளவு தருகிறது என்பது மருத்துவமனைக்குத் தெரியும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியும். படுக்கையில் கிடப்பவருக்குத்தான் தெரிவதில்லை.

விதி போடும்போதும் எங்கள் குரல் எட்டுவதில்லை. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று விதி கொண்டுவந்தது. மருந்துக் கம்பெனிகள் பணம் கொடுத்து நடத்தும் கருத்தரங்குகளுக்கு மருத்துவர்கள் போகக் கூடாது என்றும் அதில் இருந்தது. மருத்துவர் சங்கமும் மருந்துக் கம்பெனிகளின் கூட்டமைப்பும் ஆட்சேபித்தன. ஆகஸ்ட் 23 அன்று அந்த விதியையே நிறுத்திவைத்துவிட்டார்கள். மாதாமாதம் மாத்திரை வாங்குகிற எங்களை யாரும் கேட்கவில்லை.

அரசு நினைத்தால் முடியும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கே வந்து மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே எங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். என் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை இன்றும் வீடு தேடி வருகிறது.

ஆகவே, திட்டத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொரு மருத்துவமனையின் வாசலிலும் சிகிச்சைத் தொகைப் பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில் வைக்க உத்தரவிட வேண்டும். கூடுதலாக வாங்கிய பணத்தை விசாரித்துத் திருப்பித் தரச் செய்ய வேண்டும். என்னைப்போல் கட்டியவர்கள் எங்கள் குழுவிலேயே இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அப்புறம், திட்டத்தின் விதிகளையும் தொகைகளையும் மாற்றும்போது கிராம சபைகளின் கருத்தையும் கேட்குமாறு சுகாதாரத் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்